காதிலிருந்து தொடங்குங்கள்: மதுரை வட்டாரத்து எலிகளின் மேல் வாழும் சிற்றுண்ணி, தெள்ளு, பேன் ஆகியவற்றைத் தேடிச் சேகரிக்கும் முழுமையான வழிகாட்டி

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வரப்பில் பிடிபட்ட கரம்பை எலியின் காதுமடலைச் சற்று விரித்துப் பாருங்கள். உட்குழிவில் கேசரித் தூளைத் தொட்டு வைத்தது போல ஓர் ஆரஞ்சுத் திட்டு தெரியலாம். ஊதினால் பறக்காது, தூரிகையால் தள்ளினால் நகராது. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸை அருகில் கொண்டுபோனால், அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் வாயைத் தோலில் பதித்து, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, தோளோடு தோள் இடித்தபடி உட்கார்ந்திருக்கும் ஓர் உயிர் என்பது புரியும். ஒவ்வொன்றும் சுமார் 0.2 மில்லிமீட்டர், கால்கள் ஆறு. சிக்கர் என்று அழைக்கப்படும் சிற்றுண்ணிக் குஞ்சு இதுதான்.

விலங்கியல் படிக்கும் மாணவர்களுக்கும், ஊர்ப்புறத்தில் பணிபுரியும் சுகாதாரப் பணியாளர்களுக்கும், தன் வயலில் என்னென்ன வாழ்கின்றன என்று அறிய விரும்பும் விவசாயிக்கும் இதை எழுதுகிறேன். தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே உள்ள எல்லாப் படிகளும் அதைச் சார்ந்தவை: எதைக் கண்டீர்கள் என்பதைவிட, உடலில் எந்த இடத்தில் கண்டீர்கள் என்பதே முக்கியம். இடம் எழுதாத உண்ணி குப்பியில் கிடக்கும் வெறும் தூசி.

பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

ஊரில் கடித்து ஒட்டிக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் உண்ணி என்ற ஒரே பெயர்தான். நமக்கு அது போதாது. மாட்டின் காதிலும் நாயின் காதிலும் பயறு போல உப்பி நிற்பது உண்ணி. அதைவிட மிகச் சிறிதாக, பெரும்பாலும் வெறும் கண்ணுக்குப் புள்ளியாகவே தெரிவது சிற்றுண்ணி. இரண்டும் சிலந்தியின் சொந்தங்கள். வளர்ந்த நிலையில் எட்டுக் கால்கள். பேனும் தெள்ளும் பூச்சிகள்; ஆறு கால்கள். பேன் மேலிருந்து அழுத்தியது போலத் தட்டையாக இருக்கும், மயிரைப் பற்றிக்கொண்டு மெதுவாக நகரும். தெள்ளு பக்கவாட்டில் நசுக்கியது போல இருக்கும், மயிர்க்காட்டுக்குள் வழுக்கி ஓடும், தொட்டால் குதிக்கும்.

குழப்பம் வருகிற இடம் ஒன்று உண்டு. உண்ணிக்கும் சிற்றுண்ணிக்கும் குஞ்சுப் பருவத்தில் ஆறு கால்கள்தான். ஆகவே ஆறு கால் என்றவுடன் பூச்சி என்று எழுதிவிடாதீர்கள். தலை, மார்பு, வயிறு என்று உடல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரிவு இல்லாமல் ஒரே பை போல இருந்தால் அது உண்ணிக் கூட்டம்.

யார் மேல் தேடுவது?

பெரியாறு பாசனக் கால்வாய் பாயும் நெல் வயல்களில் மிகுதியாகக் கிடைப்பது கரம்பை எலி. வளை வாயில் மண்ணைக் குவித்து வைத்திருக்கும். வளைக்குள் நெற்கதிர்களைச் சேமிக்கும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் வெடிப்புகளுக்குள் புல் எலி குடியிருக்கும். அதன் மயிர் பட்டுப் போல மென்மையானது. செம்மண் மேட்டுநிலத்திலும் மானாவாரிக் காட்டிலும் வெள்ளெலி. வயிறு வெண்மை, வாலின் நுனியில் கறுத்த குஞ்சம். இவற்றோடு விரல் நீளமே உள்ள வயல் சுண்டெலியும், வீட்டு எலியும் உண்டு.

மூஞ்சூற்றை மறந்துவிடாதீர்கள். அது எலி இனமே அல்ல, பூச்சி தின்னும் பிராணி. வீட்டு மூலையில் கீச்சிட்டுக்கொண்டு ஓடுவதால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போய்வருவதால், தோட்டத்துச் சிக்கர் வாசல்படிவரை வந்துசேர அது ஒரு வழி. அதன் காதுகளையும் எலியின் காதுகளுக்குச் சமமாகக் கவனிக்க வேண்டும்.

அணில், கீரி, முள்ளெலி, மரநாய், முயல் ஆகியவற்றின் மேலும் ஒட்டுண்ணிகள் உண்டு. ஆசைப்பட்டு அவற்றைப் பிடிக்காதீர்கள். அடிபட்டுக் கிடந்ததையோ, காற்றில் தென்னையிலிருந்து விழுந்த அணில் குஞ்சையோ காப்பாற்ற நேர்ந்தால் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வௌவாலைக் கையால் தொடவே வேண்டாம்.

முதல் படி: அனுமதியும் உடையும்

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 நடைமுறையில் இருக்கிறது. எலிதானே என்று எண்ணாமல், ஆய்வுக்காகப் பிடிப்பதாக இருந்தால் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். அழகர்மலை, சிறுமலை போன்ற காட்டுப் பகுதிகளிலும், 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியிலும் அனுமதியின்றிப் பொறி வைப்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது. கல்லூரி மாணவர் என்றால் விலங்கு ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதலும் வேண்டும். எலிக்கு மயக்கமருந்து கொடுப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. பார்த்துப் பழகாமல் கைவைக்காதீர்கள்.

முழுக்கை சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய காலணி. கால்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். பார்க்க எப்படி இருந்தாலும் சரி, சிக்கர் ஏறும் வழி அதுதான். காலுறையிலும் மணிக்கட்டிலும் டீட் கலந்த பூச்சிவிரட்டி தடவுங்கள். கையுறை இரண்டு அடுக்கு. எலியின் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் தொற்றும். ஆகவே கையில் சிராய்ப்பு இருக்கும் நாளில் இந்த வேலை வேண்டாம்.

இரண்டாம் படி: கூண்டும் பையும்

கழுத்தை நசுக்கும் கிட்டி உதவாது. எலி இரவில் செத்து விடியும்வரை கிடந்தால், உடல் குளிர்ந்த உடனேயே தெள்ளுகள் இறங்கிப் போய்விடும். உயிருடன் பிடிக்கும் கம்பிக்கூண்டோ, ஷெர்மன் பொறி என்னும் தகடுப் பெட்டிப் பொறியோ வேண்டும். சுட்ட தேங்காய்ச் சில்லு நல்ல இரை. கருவாட்டுக்கு மூஞ்சூறும் வரும். பொழுது சாயும்போது வளை வாயருகே வரப்பை ஒட்டி வையுங்கள். விடியற்காலையில், வெயில் ஏறும் முன் எடுத்துவிடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் காலை எட்டு மணி வெயிலே கம்பிக்கூண்டில் இருக்கும் எலியைக் கொன்றுவிடும்.

எடுத்த கணத்திலேயே கூண்டோடு சேர்த்து வெள்ளைக் காடாத் துணிப் பைக்குள் போட்டு, வாயை நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். ஓர் எலிக்கு ஒரு பை. இரண்டு எலிகளை ஒரே பையில் போட்டால் தெள்ளுகள் மாறி ஏறிக்கொள்ளும்; எது யாருடையது என்று அதன்பின் யாராலும் சொல்ல முடியாது. பையின் மேல் எண், இடம், தேதி, வளையின் தன்மை ஆகியவற்றை எழுதுங்கள். பை வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம், கறுப்பும் பழுப்புமான தெள்ளுகள் அதில் பளிச்சென்று தெரியும்.

மூன்றாம் படி: குதிப்பதை முதலில் பிடியுங்கள்

மயக்கமருந்து நனைத்த பஞ்சைப் பைக்குள் வைத்ததும் எலியோடு தெள்ளுகளும் அசைவற்றுப் போகும். பையை வெள்ளை எனாமல் தட்டின் மேல் வைத்து, உள்ளே வெளியே திருப்பி, தையல் ஓரங்களைத் தடவிப் பாருங்கள். தெள்ளுகள் தையலுக்குள்தான் ஒளியும். ஈரத் தூரிகையின் நுனியால் தொட்டெடுத்துக் குப்பியில் போடுங்கள். எலியைப் பார்க்கும் அவசரத்தில் பையை உதறிப் போட்டுவிட்டு, பாதித் தெள்ளுகளைத் தரையில் இழந்த மாணவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தத் தெள்ளுக்கு மதுரை வட்டாரத்தில் ஒரு கனத்த வரலாறு உண்டு. பிளேக் எலியிலிருந்து தெள்ளு வழியாகத்தான் பரவுகிறது என்பதை 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் செய்துகாட்டினார். அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த, இன்று தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கம்பம் பள்ளத்தாக்கைப் பிளேக் தாக்கியதால், 1930-களில் அங்கே பிளேக் ஆய்வே தனியாக நடந்தது. நம் எலிகளின் மேல் பெரும்பாலும் காண்பவை செனோப்சில்லா கியோபிஸ், செனோப்சில்லா ஆஸ்டியா என்ற இரண்டு இனங்கள். முதலாவது பிளேக்கைப் பரப்புவதில் வல்லது. இரண்டாவது அவ்வளவு திறனற்றது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆணின் பற்றுறுப்பையும் பெண்ணின் விந்துப்பையையும் நுண்ணோக்கியில் பார்த்தே பிரிக்க வேண்டும். கன்னத்தில் சீப்புப் பல் போன்ற முள்வரிசை தெரிந்தால் அது இரண்டுமல்ல. நாய், பூனையின் தெள்ளாக இருக்கலாம்.

வெளியில் நில்லாமல், எலியின் முகத்திலோ காதோரத்திலோ தலையைப் புதைத்து அசையாமல் ஒரு தெள்ளு நின்றால், அது கோழியின் கண்ணோரத்தில் ஒட்டும் தெள்ளு. பக்கத்தில் கோழிக்கூடு இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: காது

இங்கே அவசரமே கூடாது. ஓர் எலிக்குக் காதுகளுக்கு மட்டும் ஐந்து நிமிடம் கொடுங்கள். மடலின் உட்பக்கம், அடிக்குழிவு, மடலின் விளிம்பு, காதின் பின்புறம் என்று வரிசையாக. சாய்வாக விழும் வெளிச்சத்தில் சிக்கர் திட்டு மேடிட்டுத் தெரியும். நேர் வெளிச்சத்தில் தோலின் நிறத்தோடு கலந்துவிடும்.

சிக்கர் இரத்தம் குடிப்பதில்லை. உமிழ்நீரால் தோலின் திசுவைக் கரைத்து, அந்தக் குழம்பை உறிஞ்சுகிறது. உமிழ்நீர் பட்ட இடத்தில் தோலே இறுகி ஒரு நுண்குழாயாக மாறுகிறது. அதன் வழியாகப் பல நாட்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து உண்ணும். பிறகு கீழே விழுந்து மண்ணுக்குள் போய்விடும். வளர்ந்தபின் அது யாரையும் கடிக்காது; மண்ணில் பூச்சி முட்டைகளையும் சிறு உயிர்களையும் தின்று வாழும். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பாலூட்டியின் மேல் ஏறுகிறது. அந்த ஒருமுறையைத்தான் நாம் காதில் பிடிக்கிறோம்.

பிடுங்காதீர்கள். இழுத்தால் வாயுறுப்பு தோலிலேயே தங்கிவிடும், இனம் காண முடியாது. மெல்லிய ஊசியால் அடித்தோலோடு சேர்த்துச் சுரண்டி எடுங்கள். இறந்த எலி என்றால், காதையே வெட்டிக் குப்பியில் போட்டுவிடலாம், அதுதான் சிறந்தது.

காதின் விளிம்பில் ஆரஞ்சுத் திட்டுக்குப் பதிலாக மஞ்சள் பொருக்கும் மருப் போன்ற முண்டும் இருந்தால், அது தோலுக்குள் குடைந்து வாழும் சொறிச் சிற்றுண்ணி. பொருக்கைச் சுரண்டித் தனிக் குப்பியில் வையுங்கள்.

ஐந்தாம் படி: உடல் முழுவதும்

காதுக்கு அடுத்து கண்ணோரம், மூக்கு, அக்குள், வயிறு, தொடையிடுக்கு, வால் அடி, விரலிடுக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மாற்றினால் ஏதாவது ஓர் இடம் விட்டுப்போகும். ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் குப்பி. பிறகு பேன் சீப்பால் வாலிலிருந்து தலைநோக்கி, மயிரின் போக்குக்கு எதிராக வாருங்கள். நான் மயிரில் ஒட்டிய ஈருக்குப் பாட்டியிடமிருந்து வாங்கிய மரத்து ஈர்கொல்லியையே இன்றும் பயன்படுத்துகிறேன்; அதன் பல்லிடுக்கில் சிக்காத ஈர் இல்லை.

முதுகில் வேகமாக ஓடும், ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள, செம்பழுப்பு நிறச் சிற்றுண்ணி லேலாப்ஸ் வகை. எலியின் கூட்டிலும் உடலிலும் மாறி மாறி வாழும். இன்னொன்றை முக்கியமாகத் தெரிந்துகொள்ளுங்கள்: எலிக்கூட்டில் தங்கி இரவில் இரத்தம் குடிக்கும் வெப்பமண்டல எலிச் சிற்றுண்ணி. வீட்டுக்கூரையில் எலிகளை மருந்து வைத்துக் கொன்றுவிட்டால், பசித்த இந்தச் சிற்றுண்ணிகள் கீழே இறங்கி மனிதரைக் கடிக்கும். வீட்டில் எல்லோருக்கும் காரணமே தெரியாமல் அரிப்பு என்று சொன்னால், அண்மையில் எலி மருந்து வைத்தீர்களா என்று கேளுங்கள். பிளேக் காலத்திலும் இதே பாடம்தான்: முதலில் வளையில் தெள்ளுக்கு மருந்து, பிறகே எலிக்கு.

ஆறாம் படி: தண்ணீர்த் தட்டு

இறந்த எலியில் எவ்வளவு தேடினாலும் சில தப்பும். உடலை ஒரு கம்பியில் கட்டி, தண்ணீர் நிறைந்த அகன்ற தட்டுக்கு மேலே ஓர் இரவு தொங்கவிடுங்கள். உடல் உலர உலரச் சிக்கர்கள் பிடியை விட்டு விழும். தண்ணீரின் மேல் மிதக்கும். காலையில் தூரிகையால் அள்ளிவிடலாம். எறும்பு வராமல் தட்டைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட மறக்காதீர்கள். ஆனால் இதில் கிடைத்தவற்றின் குறிப்பில் உடலின் இடத்தை எழுத முடியாது. 'தட்டில் விழுந்தவை' என்றே எழுதுங்கள். ஊகித்துக் காது என்று எழுதாதீர்கள்.

எலியே இல்லாமல் தேடும் வழி

அனுமதி இல்லாதவர்களும் செய்யக்கூடியது இது. சிக்கர் எலிக்காகக் காத்திருக்கும் இடம் தரைதான். கறுப்புத் தட்டு வைத்துப் பார்ப்பது பழைய முறை; நான் பள்ளிப் பிள்ளைகளின் கற்பலகையை வைக்கிறேன். கண்மாய்க்கரையில் நாணலும் வயலும் சந்திக்கும் ஓரம், சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலின் ஈர நிழல், சீமைக்கருவேல மரத்தடி, மல்லிகைத் தோட்டத்து வேலியோரம் என்று ஒரு புதரும் மற்றொரு புதரும் கலக்கும் இடமாகப் பாருங்கள். பலகையை விளிம்பில் நிறுத்திவைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். சிக்கர் இருந்தால், கறுப்பில் மஞ்சளும் ஆரஞ்சுமான புள்ளிகள் மேல்நோக்கி ஏறி விளிம்பில் கூடும்.

அவை எங்கும் பரவி இருப்பதில்லை. தீவு தீவாக இருக்கும். ஒரு முழத்தில் கூட்டமாக, அடுத்த பத்தடியில் ஒன்றுமே இல்லாமல். ஆகவே ஒரே பலகை வைத்து 'இல்லை' என்று முடிவெடுக்கக் கூடாது. பத்து இடங்களிலாவது வைத்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறியுங்கள்.

வளையைத் தோண்டினால் கிடைக்கும் கூட்டுப் புல்லையும் வீணாக்காதீர்கள். ஒரு புனலில் கம்பிவலை வைத்து, அதன் மேல் புல்லைப் பரப்பி, மேலே 40 வாட் குண்டு பல்பை எரியவிடுங்கள். கீழே ஆல்கஹால் குப்பி. வெப்பத்துக்கும் உலர்வுக்கும் அஞ்சி உயிர்கள் கீழே இறங்கிக் குப்பியில் விழும். இரண்டு நாள் போதும்.

ஏழாம் படி: குப்பியும் சீட்டும்

வடிவம் பார்த்து இனம் காண 70 சதவீத ஆல்கஹால். மரபணு ஆய்வுக்குத் தனியாக 95 சதவீதத்துக்கு மேல். ஃபார்மலினில் போட்டால் உறுப்புகள் விறைத்துப்போகும், மரபணுவும் கெடும்.

சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளே போடுங்கள். இதை நான் தொழிலின் தொடக்கத்தில் கற்றேன். மேலூர்ப் பக்கம் ஒரு மழைக்காலம் முழுவதும் சேர்த்த குப்பிகளுக்குப் பந்துமுனைப் பேனாவால் எழுதியிருந்தேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது ஆல்கஹால் ஊதாவாக இருந்தது, சீட்டு வெள்ளையாக இருந்தது. உண்ணிகள் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தன. எந்த ஊர், எந்த எலி, எந்தக் காது என்பதுதான் போய்விட்டது. அத்தனை குப்பிகளையும் கொட்டினேன்.

சீட்டில் எழுத வேண்டியவை: எலியின் எண்ணும் இனமும், ஆணா பெண்ணா, ஊர், வளை இருந்த இடம், தேதி, உடலில் எடுத்த இடம், எத்தனை.

எட்டாம் படி: நுண்ணோக்கியில்

சிக்கரை லாக்டோஃபீனாலில் தெளிவாக்கி, ஹோயர் கரைசலில் பதியவைத்துக் கண்ணாடிச் சில்லால் மூடுங்கள். தெள்ளை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓர் இரவு ஊறவைத்து, நீர் நீக்கி, கனடா பால்சத்தில் பதியுங்கள்.

சிக்கரின் முதுகில், தலைக்குச் சற்றுப் பின்னால், ஒரு சிறு கேடயம் இருக்கும். இனம் காணும் திறவுகோல் அதுவே. கேடயம் செவ்வகமாக, ஐந்து மயிர்களோடும், அவை தவிர நூல் போல நீண்ட இரண்டு உணர்மயிர்களோடும் இருந்தால் லெப்டோட்ராம்பிடியம் பேரினமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அந்த இரண்டு உணர்மயிர்களும் நுனி பருத்துக் கதாயுதம் போல இருந்தால் வேறு பேரினம். நம் நாட்டில், சிக்கர் கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்புவதில் முதலிடம் லெப்டோட்ராம்பிடியம் டெலியென்சிஸ் என்ற இனத்துக்கு. அதில் ஐயம் வந்தால் நீங்களே முடிவு செய்யாதீர்கள். மதுரையிலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்துக்குக் களநிலையம் இருக்கிறது; அத்தகைய இடத்தில் சில்லைக் காட்டிக் கேளுங்கள்.

எண்ணுவது எளிது. 12 எலிகள் பார்த்தீர்கள், 5 எலிகளில் சிக்கர், மொத்தம் 60 என்று வைத்துக்கொள்வோம். பார்த்த எலிக்குச் சராசரி 5. ஆனால் ஒட்டியிருந்த எலிக்குச் சராசரி 12. இரண்டையும் எழுதுங்கள், முதலாவதை மட்டும் எழுதினால் கூட்டம் ஒரு சில எலிகளில்தான் குவிந்திருக்கிறது என்பது மறைந்துவிடும். தெள்ளுக்கும் இப்படியே. எலிக்கு ஒன்றுக்கு மேல் கியோபிஸ் தெள்ளு இருந்தால், சுகாதாரத் துறையினர் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்வார்கள். சிக்கரே இல்லாத எலியின் பெயரையும் பட்டியலில் வைத்திருங்கள்.

கடைசிப் படி: வீடு திரும்பியதும்

ஸ்க்ரப் டைபஸ் கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. அது தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடுகிறது. ஆகவே எலியைக் கடிக்காத சிக்கர்கூட மனிதருக்கு நோயைக் கொடுக்க முடியும். நம் பக்கத்தில் மழை தொடங்கும் மாதங்களிலிருந்து தைப் பனிவரை இந்தக் காய்ச்சல் மிகுதி.

சிக்கர் எலியில் காதைத் தேடுவது போல, மனிதரில் மறைவிடத்தைத் தேடும். அக்குள், இடுப்பில் சேலையோ வேட்டியோ இறுகும் இடம், தொடையிடுக்கு, மார்பின் கீழ், காதின் பின்புறம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு உண்டாகலாம். அது வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே அது தெரிவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு களையெடுக்கும் அம்மாள் ஒன்பது நாள் காய்ச்சலோடு மருத்துவமனை மாறி மாறிப் போனார்; டைஃபாய்டு என்றார்கள், மலேரியா இல்லை என்றார்கள். கடைசியில் ஓர் இளம் செவிலியர் சேலைக்கட்டை நெகிழ்த்திப் பார்த்தபோதுதான் இடுப்பில் அந்தக் கறுப்புப் பொருக்கு தெரிந்தது. டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைத் தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும் என்பதால், அது இல்லை என்று மட்டும் சொல்லி நிம்மதி அடையக் கூடாது. மாத்திரையை நீங்களே வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் போங்கள், ஆனால் தாமதிக்காதீர்கள். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

ஆகவே வயலிலிருந்து வந்ததும் உடைகளைக் கட்டிலில் போடாமல் நேராகக் கொதிநீரில் முக்குங்கள். பைகளையும் அப்படியே வேகவைத்து வெயிலில் உலர்த்துங்கள். கூண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். சோப்பு தேய்த்துக் குளியுங்கள். குளிக்கும்போது மேலே சொன்ன இடங்களையெல்லாம் தடவிப் பாருங்கள், முதுகுப்பக்கத்தை வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நாட்காட்டியில் அன்றைய தேதியிலிருந்து 21 நாட்களைக் கட்டமிட்டு வையுங்கள். அந்தக் கட்டத்துக்குள் காய்ச்சல் வந்தால், களக்குறிப்பேட்டைக் கையோடு எடுத்துப் போய், எந்த ஊர் வரப்பில், எந்த நாளில், எந்த எலியின் காதில் என்ன பார்த்தீர்கள் என்பதை மருத்துவரிடம் காட்டுங்கள்.